லீவரில் சுற்றிய கட்டு

அத்தை,

இன்று பள்ளியில் வேதியியல் செய்முறை வகுப்பு. ஆய்வகத்தின் மூலையில் இருக்கும் கண்ணாடிக் கருவியின் குழாயைத் திருகியதும் கந்தக வாடை அறை முழுக்கப் பரவியது. மற்றவர்கள் தாவணியால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் பொத்தவில்லை. சோணை அண்ணன் பட்டறையில் ஜீப்பின் பின் அச்சைத் திறந்து பழைய கியர் ஆயிலை வடியவிட்ட காலை நேரம் அப்படியே வந்து நின்றது. இரண்டும் ஒரே வாடை அல்ல. ஆனால் நெருங்கிய சொந்தம். ஆயிலிலும் கந்தகம் சேர்ப்பார்கள் என்று பிறகு ஒரு புத்தகத்தில் படித்தேன். அதைச் சொல்ல உங்களிடம் ஓடி வந்திருப்பேன். நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் போன பிறகு வீட்டில் உங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் உங்களை ஒரு பெரிய தியாகி போலப் பேசுகிறார்கள். இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்கள். எனக்கு நினைவிருப்பது வேறு. வெள்ளைப் புடவையை இடுப்பில் தூக்கிச் செருகிக்கொண்டு, காலில் கான்வாஸ் ஷூவுடன், ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்து, "இது எங்கடா ஒழுகுது?" என்று ஜீப்பையே கேட்கும் ஆளைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமைதோறும் மிஷன் மருந்தகத்து ஜீப்பில் நீங்கள் நல்லூத்துப்பட்டிக்கு வைத்தியம் பார்க்கப் போவீர்கள். உசிலம்பட்டி தாண்டி, தார் ரோட்டை விட்டு இறங்கி, கரிசல் காட்டு வண்டிப்பாதையில் போய், ஓர் ஓடையைக் கடந்தால் அந்த ஊர். பழைய டிரைவர் ஓய்வு பெற்றதும் வேறு ஆள் போடவில்லை. நீங்களே ஓட்ட ஆரம்பித்தீர்கள். பள்ளி விடுமுறை என்பதால் நான் கூட வருவேன். நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவேன், குழந்தைகளை எடை பார்ப்பேன், கூட்டம் இல்லாதபோது வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படிப்பேன். "பொஸ்தகம், அடுத்த ஆளை விடு" என்பீர்கள். என் பெயரைச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதே குறைவு.

வெயில் காலத்தில் ஒரு சிக்கலும் இல்லை. மழை பெய்துவிட்டால் அந்தக் கரிசல் களிம்பு மாதிரி ஆகிவிடும். உங்கள் கடைசி மழைக்காலத்துக்கு முந்தைய வருஷ ஐப்பசியில் இரண்டு சனிக்கிழமைகள் ஓடைக் கரையில் ஜீப் மாட்டிக்கொண்டது. இரண்டாவது தடவை, மாடு பூட்டி இழுத்து மேலே ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மருந்தகக் கமிட்டி கூடியது. அந்தக் கமிட்டியின் செயலாளர் வேறு யாருமில்லை, உங்கள் தம்பி, என் அப்பா. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பிலும் வீட்டிலும் ஒரே குரலில்தான் பேசுவார்.

கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில்தான் நடந்தது. காபி டம்ளர்களை எடுக்கிற சாக்கில் நான் அங்கேயே நின்றேன்.

"மழைக்காலம் மட்டும் போக வேணாம்க்கா. தை பொறந்ததும் போ. யாரு வேணாங்குறா?" என்றார் அப்பா.

"சரி. தை வரைக்கும் யாரும் பிள்ள பெறாதீங்கன்னு சொல்லிட்டு வாரேன்" என்றீர்கள்.

ஒருவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. கடைசியில் அடுத்த மழைக்காலம் ஒன்றை மட்டும் கொடுப்பது என்று முடிவானது. அதில் ஜீப் மறுபடி மாட்டிக்கொண்டால், நல்லூத்துப்பட்டிக்குப் போவது நின்றுவிடும். மழைக்காலத்துக்கு மட்டும் இல்லை, மொத்தமாகவே. கமிட்டிக்காரர்கள் போனதும் நீங்கள் என்னிடம், "உங்கப்பாவுக்கு நான் சேத்துல கெடந்தாக் கவலை. அதை நேராச் சொல்லாம தீர்மானம் போடுறான்" என்றீர்கள்.

ஆரப்பாளையம் பக்கம் சோணை அண்ணனின் பட்டறைக்கு நாம் முதலில் போனது அதற்கு அடுத்த வாரம். சோணை அண்ணனுக்குப் பேச்சு அதிகம். தான் தொட்ட வண்டியெல்லாம் கொடைக்கானல் மலையை டாப் கியரில் ஏறும் என்பார். நீங்கள் ஓடையைப் பற்றிச் சொன்னதும் இரண்டு வேலை செய்ய வேண்டும் என்றார். ஒன்று, அச்சுக்குள் இருக்கும் பல்சக்கரங்களை மாற்றுவது. இன்னொன்று, பின் சக்கரங்கள் இரண்டையும் லாக் பண்ணுவது.

எனக்குப் புரியவில்லை. பள்ளி நூலகத்தில் மோட்டார் வண்டிகளைப் பற்றி ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்தது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த அத்தியாயத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்தேன். பல்சக்கர சமாச்சாரம் சீக்கிரம் புரிந்தது. சின்னச் சக்கரம் அதிகச் சுற்றுகள் சுற்றிப் பெரிய சக்கரத்தை ஒரு சுற்று சுற்ற வைத்தால், வேகம் குறையும், இழுவை கூடும். நம் ஜீப்பில் இருந்தது ரோட்டில் ஓடுவதற்கான பற்கள். நமக்கு வேண்டியது சேற்றில் இழுப்பதற்கான பற்கள்.

லாக் என்பது என்னவென்று புரிந்தது மறுநாள் பள்ளி அணிவகுப்பில்தான். வரிசை திரும்பும்போது உள் ஓரத்தில் நிற்கிறவள் நின்ற இடத்திலேயே கால் மாற்றுகிறாள். வெளி ஓரத்தில் இருக்கிறவள் நீளமாக எட்டு வைத்து ஓடி வருகிறாள். வண்டி திரும்பும்போது இரண்டு பின் சக்கரங்களும் அப்படித்தான். அவை வேறு வேறு வேகத்தில் சுற்ற அச்சின் நடுவில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. அதே ஏற்பாடுதான் சேற்றில் காலை வாருகிறது. ஒரு சக்கரம் வழுக்கினால் எஞ்சினின் பலம் அதற்கே போய்விடும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் சும்மா நிற்கும்.

இதைச் சொன்னபோது நீங்கள் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். "சும்மா சுத்துறவனுக்கே அம்புட்டு பலமும். நம்ம கமிட்டி மாதிரி."

டிராக்டரில் இதற்கென்றே காலால் மிதிக்கும் லாக் உண்டு. நம் ஜீப்பில் கிடையாது. சோணை அண்ணன் சொன்ன வழி முரட்டு வழி. உள்ளே இருக்கும் குட்டிப் பல்சக்கரங்களை ஒன்றோடொன்று சேர்த்து வெல்டு வைத்துவிடுவது. அதன் பிறகு பின் சக்கரங்கள் இரண்டும் என்றைக்கும் ஒரே சுற்றுத்தான் சுற்றும்.

"தார் ரோட்டுல திரும்புறப்ப டயர் கத்தும்மா" என்றார்.

"கத்தட்டும். நான் வாரேன்னு ஊருக்குத் தெரியட்டும்" என்றீர்கள்.

பல்சக்கரங்களுக்காக சோணை அண்ணன் பல மாதம் அலைந்து பழைய ராணுவ ஜீப்பு ஒன்றின் உதிரிகளைத் தேடிப் பிடித்தார். பின்பக்கத்து ஜோடி நன்றாக இருந்தது. முன்பக்கத்து ஜோடியில் பற்கள் உடைந்திருந்தன. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே அளவுப் பற்கள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பக்கம் வேகமாகவும் மறுபக்கம் மெதுவாகவும் சுற்றப் பார்த்து, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று எதையாவது முறித்துவிடும். இது நம் மூவருக்கும் தெரியும். சோணை அண்ணன் ஒரு தடவைக்கு நாலு தடவை சொன்னார்.

"முன்னாடிக்கு வேற செட்டு சொல்லி வச்சிருக்கேன், கூடிய சீக்கிரம் வந்துரும். அதுவரைக்கும் முன் வீலுக்கு இழுவை குடுக்குற அந்த முன் லீவரைத் தொட்றாதீங்க டாக்டரம்மா. பின் வீலு மட்டும் இழுக்கட்டும்."

"முன் அச்சுக்குப் போற ஷாஃப்டைக் கழட்டிப் போட்டுரலாம்ல?" என்று கேட்டீர்கள்.

"எதுக்கு ரெட்டை வேலை? வந்ததும் மாட்டத்தான போறோம்."

பின் அச்சைப் பூட்டிய அன்று நடந்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் எழுத ஆசையாக இருக்கிறது. பற்கள் சரியாகப் பொருந்துகின்றனவா என்று பார்க்க அவற்றில் ஏதாவது நிறத்தைப் பூசிச் சுற்றிப் பார்ப்பார்கள். பல்லின் நடுவில் நிறம் அழிந்திருந்தால் சரி. ஓரத்தில் அழிந்தால் சத்தம் வரும், தேயும். சோணை அண்ணன் சாமி படத்தடியில் இருந்த குங்குமத்தை எடுத்துக் கிரீஸில் குழைத்துப் பூசினார். நீங்கள் அறுவைச் சிகிச்சையைப் பார்ப்பது போலக் கிட்டத்தில் குனிந்து பார்த்தீர்கள். வெள்ளை முந்தானையில் குங்குமம் ஒட்டிக்கொண்டது. மறுநாள் அதே புடவையில் கோயிலுக்கு வந்தீர்கள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது போதகரின் மனைவி முந்தானையையே பார்த்துக்கொண்டு, "என்ன டாக்டர் இது?" என்றார்.

"ஒண்ணுமில்ல, பல்லுக்குப் பொட்டு வச்சேன்" என்றீர்கள்.

புதுப் பற்களோடு ஜீப் மெதுவாகிவிட்டது. வேகம் காட்டும் முள் மட்டும் பழைய கணக்கிலேயே இருந்தது. அது நாற்பதைக் காட்டும்போது ஜீப் முப்பதில்கூட ஓடாது.

"அத்தை, இது பொய் சொல்லுது" என்றேன்.

"பொய் இல்ல. அதோட ஆசை."

செக்கானூரணி தாண்டி உசிலம்பட்டி டவுன் பஸ் நம்மை முந்தியபோது கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே, "டாக்டரம்மா, ஏறிக்கிருங்க. ஜீப்பைப் பின்னாடி கட்டி இழுத்துட்டுப் போயிர்றோம்" என்று கத்தினார். "சில்லறை மிச்சம் குடுப்பியா?" என்று நீங்கள் திரும்பக் கத்தினீர்கள். பஸ்ஸே சிரித்தது.

முன்பக்கத்துச் செட்டு வருவதற்கு முன்பே மழை வந்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை போகும்போது பாதை காய்ந்திருந்தது. சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது தூறல் ஆரம்பித்தது. கூட்டம் முடிவதற்குள் மேற்கே நன்றாகப் பிடித்துக்கொண்டது. கிளம்பலாம் என்று பெட்டியை மூடும்போது, நிறைமாதமாக இருந்த பேச்சியின் புருஷன் ஓடி வந்தான். பேச்சிக்கு முந்தின நாளிலிருந்தே வலி. வயிற்றைத் தொட்டுப் பார்த்ததும் உங்கள் முகம் மாறியது. குழந்தை குறுக்கே கிடந்தது. அங்கே வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆபரேஷன் வசதியுள்ள மதுரைக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

பேச்சியை ஜீப்பின் பின்னால் பாய் விரித்துக் கிடத்தினோம். தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய மாமியார் உட்கார்ந்தார். நான் முன்னால் உங்கள் பக்கத்தில். புருஷனும் இன்னும் சிலரும் கூடவே நடந்து வந்தார்கள்.

ஓடையில் தண்ணீர் கணுக்காலுக்கு மேல்தான், பயப்படும்படி இல்லை. அக்கரையில் ஏறும் இடம்தான் சேறு. ஜீப் மெதுவாக இறங்கியது, மெதுவாக ஏறத் தொடங்கியது. நான் வெளியே தலையை நீட்டிப் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கச் சக்கரம் சேற்றில் புதைந்திருந்தது. இடப்பக்கம் சரளையில் நின்றது. போன வருஷமென்றால் வலப்பக்கம் மட்டும் வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். இப்போது இரண்டும் ஒரே சீராகச் சுற்றின. படித்தது கண் முன்னால் நடந்தது. முன் சக்கரங்கள் கரையின் பாறை மேல் ஏறிவிட்டன.

அப்போது பின்னாலிருந்து பேச்சி அலறினாள். ஜீப் ஒரு கணம் தயங்கியது. உங்கள் இடது கை தானாகப் போனது. எத்தனையோ வருஷமாகச் சேற்றைக் கண்டால் போகும் இடத்துக்கே போனது. முன் லீவரை இழுத்துவிட்டீர்கள்.

அடியில் டமார் என்று ஒரு சத்தம். ஏதோ இரும்பு தரையில் இடித்தது. எஞ்சின் நின்றுவிட்டது.

பிறகு வெளியே ஒருவர், "முடிஞ்சுச்சு. ஓடிப்போய் மாட்டைப் பத்திட்டு வாங்கப்பா" என்றார். நீங்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உங்கள் கையைப் பார்த்தீர்கள். அடுத்தவர் கையைப் பார்ப்பது போல இருந்தது.

"என் கைதான்" என்றீர்கள். லீவரைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு இறங்கி அடியில் குனிந்தீர்கள். முன் அச்சுக்குப் போகும் தண்டு, அச்சோடு சேரும் மூட்டில் முறிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அப்படியே ஓட்டினால் தரையில் குத்திவிடும். பேச்சியின் புருஷனிடம் கையை நீட்டினீர்கள்.

"துண்டைக் குடு."

"எதுக்கும்மா?"

"உம் பொண்டாட்டிக்குத்தான். குடு."

தோளில் கிடந்த துண்டால் அந்தத் தண்டைத் தூக்கிச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினீர்கள். எலும்பு முறிந்த கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிடுவீர்களே, அதே முடிச்சு. ஏறி உட்கார்ந்து எஞ்சினைக் கிளப்பினீர்கள். இடது கையை மடியில் போட்டு, "பொஸ்தகம், இந்தக் கையைப் பிடிச்சுக்க. கியர் போடணும்னா நானே கேக்குறேன்" என்றீர்கள். நான் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். மணிக்கட்டு நாடி என் விரலில் துடித்தது. உங்களுக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான்.

முதல் கியரில், பின் சக்கரங்கள் இரண்டின் பலத்தில் மட்டும் ஜீப் ஏறியது. அவசரப்படவே இல்லை. வலப்பக்கச் சக்கரம் சேற்றை வாரி நடந்து வந்தவர்கள் மேலெல்லாம் இறைத்தது. ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "போகுதுடா" என்றார்.

மதுரையில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பெண் குழந்தை என்றதும் மாமியார், "ஜீப்புல வந்ததுக்குப் பையனா இருக்கும்னுல்ல நெனச்சேன்" என்று முணுமுணுத்தார். "ஓட்டுனது யாருன்னு பாத்தீகளா?" என்றீர்கள்.

அடுத்த கமிட்டி கூடுவதற்கு முன்பே அப்பாவுக்குச் சேதி போயிருந்தது. கூடியதும் கேட்டார்.

"அக்கா, நேராக் கேக்குறேன். ஜீப்பு ஓடையில நின்னுச்சா, இல்லையா?"

பேச்சி பிழைத்ததைச் சொல்லி நீங்கள் தப்பித்திருக்கலாம். யாரும் மேலே கேட்டிருக்க மாட்டார்கள். நான் டம்ளர்களோடு நின்றுகொண்டு, அதைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"நின்னுச்சு" என்றீர்கள். "சேத்துல மாட்டி நிக்கல. தொடக் கூடாத லீவரை நான் இழுத்தேன், முறிஞ்சுபோச்சு. அப்புறம் மாடு இல்லாம ஏறுச்சு. இனி உங்க முடிவு."

கூட்டம் எந்த முடிவும் எடுக்காமல் கலைந்தது. அந்த வாரம் முழுக்க நீங்களும் அப்பாவும் பேசிக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாம் பட்டறையில் இருந்தபோது அப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் சாக்குப் பொட்டலம் ஒன்று. கனத்தில் சைக்கிள் பின்னால் சாய்ந்தது. அவிழ்த்தால், முன் அச்சுக்கான பல்சக்கர ஜோடி. சோணை அண்ணன் சொல்லி வைத்திருந்த கடையில் போய் உட்கார்ந்து கையோடு வாங்கி வந்திருந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே கணக்கா இருக்கணுமாமே" என்றார். கணக்கு வாத்தியார் குரலிலேதான் சொன்னார்.

"ஆமாடா" என்றீர்கள். சட்டையெல்லாம் கிரீஸாகி இருந்தது அப்பாவுக்கு. நீங்கள் கை துடைக்கும் வேஸ்ட் துணியை எடுத்து நீட்டினீர்கள்.

முன் பற்களும் மாறின. முறிந்த மூட்டும் மாறியது. இனி அந்த லீவரை இழுக்கலாம், ஒன்றும் ஆகாது. ஆனால் அன்றைக்குத்தான் நீங்கள் பெட்டியிலிருந்து பேண்டேஜ் துணியை எடுத்து லீவரின் குமிழில் இறுக்கிச் சுற்றி பிளாஸ்திரி ஒட்டினீர்கள்.

"இப்ப எதுக்கு அத்தை?"

"ஆபத்து போயிருச்சு. கை அதே கைதான். தொட்டதும் சொரசொரன்னு தட்டுப்படணும். தட்டுப்பட்டா யோசிப்பேன்."

அந்த மழைக்காலம் முழுக்க ஒரு சனிக்கிழமையும் நிற்கவில்லை. மாசியில் உங்கள் நெஞ்சு நின்றது. உங்களைச் சுமந்துபோன வண்டியின் பின்னால் அந்த ஜீப்பும் வந்தது. சோணை அண்ணன் ஓட்டினார். கல்லறைத் தோட்டத்து வாசலில் திரும்பும்போது டயர் கத்தியது. அப்பா அப்போதுதான் அழுதார்.

புது டாக்டர் நாகர்கோவில்காரர், வயது குறைவு. சனிக்கிழமை போகிறேன் என்று தானாகவே சொல்லிவிட்டார். முதல் நாள் ஜீப்பில் ஏறி, அழுக்கேறிப் பழுப்பாகிக் கிடந்த கட்டைப் பார்த்து, "இங்க என்ன காயம்?" என்று கேட்டுக்கொண்டே பிரிக்கப் போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன், இடையில் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அவர் கேட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்து புதுத் துணியை எடுத்துக் கொடுத்தார். பழையதைப் பிரித்துவிட்டுப் புதிதாக நானே சுற்றினேன்.

இன்று ஆய்வகத்தில் என் மேசையில் அடர் அமிலமும் நீர்த்த அமிலமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே மாதிரி புட்டி, ஒரே மாதிரி மூடி. பெயர் எழுதியிருக்கிறது, ஆனால் அவசரத்தில் கை பெயரைப் படிப்பதில்லை. அடர் அமிலப் புட்டியின் கழுத்தில் நான் ஒரு துண்டு பேண்டேஜ் துணியைக் கட்டி வைத்திருக்கிறேன். பக்கத்து மேசைக்காரி ஒவ்வொரு வகுப்பிலும், "என்னடி, புட்டிக்குக் காய்ச்சல் எறங்கிருச்சா?" என்று கேட்பாள். அவள் கேட்டுக்கொண்டே இருக்கும்போது இன்றும் என் கை தானாக அந்தப் பக்கம் போனது. துணி தட்டுப்பட்டது. கையை எடுத்துக்கொண்டு, பெயரைப் படித்துவிட்டு, மற்றதை எடுத்தேன்.